புஷ்பம் நடக்க வராத மூன்று வாரம்

ஜூலை 1, திங்கள்

புஷ்பம் இன்று நடக்க வரவில்லை. இனிமேலும் வரமாட்டாளாம்.

ஐந்தரைக்கு வ.உ.சி. மைதானத்து வாசலில் நின்றேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. போன் அடித்தால் எடுக்கிறாள், பின்னால் டமடமவென்று பாட்டுச் சத்தம்.

"ஜெயா, சொல்ல மறந்துட்டேன்ட்டி. பெருமாள்புரத்துல புதுசா லேடீஸ் ஜிம் தொறந்திருக்காங்கல்லா, அதுல சேந்துட்டேன். முட்டிக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நீ நட, என்னா?"

நீ நட, என்னா! பால்காரரை நிறுத்துவதென்றால்கூட முதல் நாளே சொல்லிவிடுகிறோம். பதினோரு வருஷம் கூட நடந்தவளுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

ஒரே தெரு, ஒரே சர்ச், ஒரே வயது எங்களுக்கு. அவள் தபால் ஆபீஸுக்கு ஓட வேண்டும், நான் பள்ளிக்கூட ஆபீஸுக்கு ஓட வேண்டும். எங்களுக்கென்று கிடைப்பது காலையில் அந்த ஒரு மணி நேரம்தான். மைதானத்தை ஐந்து சுற்று. நான் பேசுவேன், அவள் கேட்பாள். ஐந்து சுற்றுக்குள் ஊர் விஷயம் முழுக்க முடிந்துவிடும். அவளுக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. 'ம்' என்பாள், மிஞ்சிப்போனால் 'அப்படியா' என்பாள். அதனால்தான் எங்களுக்கு இத்தனை வருஷம் ஒத்துப்போனது.

ஜிம்மில் போய் யாரிடம் 'ம்' சொல்லப்போகிறாளோ.

ஜூலை 2, செவ்வாய்

தனியாக மூன்று சுற்று. அதற்கு மேல் கால் போகவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூலை 4, வியாழன்

இன்று அவரிடம் கேட்டேன், "நான் புஷ்பத்த மனசு நோவ ஏதும் சொல்லிருப்பேனா?"

பேப்பரை இறக்காமலே, "நீ சொன்னதுல எதைன்னு கண்டுபிடிக்க?" என்றார். மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தால் வீட்டிலும் ஷாக் அடிப்பது போலத்தான் பேச வரும் போல.

நானே உட்கார்ந்து யோசித்தேன். அவள் கடைசியாக நடக்க வந்தது போன வெள்ளிக்கிழமை. அன்று தப்பாக ஒன்றும் பேசவில்லை. எங்கள் பாடகர் குழுவில் இருக்கிற சுகிர்தாவின் மகள், கட்டிக்கொடுத்த எட்டே மாதத்தில் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். அதைத்தான் சொன்னேன். ஊரே பேசுகிறது, நான் பேசினால் மட்டும் என்ன?

"பிள்ளைய வளக்கும்போதே கொஞ்சம் பொறுத்துப்போகச் சொல்லிக் குடுத்திருந்தா இப்படி வந்து நிப்பாளா? நம்ம எமிமாவப் பாரு, எப்படிக் குடும்பம் நடத்துதா!" என்றேன்.

எமிமா புஷ்பத்தின் ஒரே மகள். போன வருஷம் மே மாதம் பெங்களூரில் கட்டிக்கொடுத்தோம். 'கொடுத்தோம்' என்று நான் எழுதலாம், ஏனென்றால் அது நான் கொண்டுவந்த இடம். புஷ்பத்தின் வீட்டுக்காரர் எமிமா ஆறாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துபோனவர். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் செய்ய? மாப்பிள்ளை நல்ல உயரம், கம்பெனியில் பெரிய வேலை, ஜெபமெல்லாம் நன்றாகச் செய்வான். ஆக, அவள் மகளைப் புகழ்ந்துதான் பேசியிருக்கிறேன்.

அதற்கும் 'ம்' வரவில்லை. நாலாவது சுற்றில் முட்டி வலிக்கிறது என்று சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆக, முட்டிதான் காரணம். வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் புஷ்பத்தைப் பிடித்தேன். எமிமாவும் கூட வந்திருந்தாள். ஒரு மாதமாக இங்கேதான் இருக்கிறாள், வீட்டிலிருந்தே வேலையாம். பிள்ளை இளைத்துவிட்டாள். இந்த வெயிலில் முழுக்கை வைத்த சுடிதார் போட்டு, பாட்டுப் புத்தகத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். பெங்களூர் ஃபேஷன் போல.

"மாப்பிள்ள வரலையா? நான் கொண்டுவந்த மாப்பிள்ள, எனக்கே கண்ணுல காட்ட மாட்டேங்கியே!" என்றேன். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"அவருக்கு ஆபீஸ்ல ஆடிட்டு, சித்தி," என்றாள் எமிமா.

அப்போதுதான் புஷ்பத்தின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். சர்ச் வாசலில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, போனைப் பார்த்துச் சிரிப்பு.

"யாரு?"

"பர்வீனு. ஜிம்முல கூட வார பிள்ள. மேலப்பாளையத்துல தையல் கடை வச்சிருக்கா. ஒரே வேடிக்கையா பேசுவா."

நான் வேடிக்கையாகப் பேசமாட்டேனா? பதினோரு வருஷம் நான் பேசியதெல்லாம் என்ன, இரங்கல் கூட்டமா?

ஜூலை 9, செவ்வாய்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று மைதானத்துக்குப் போகவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பெருமாள்புரம் போனேன். அந்த ஜிம் மாடியில் இருக்கிறது. கீழே பேக்கரி. மேலே கரைத்துவிட்டுக் கீழே வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று கட்டியிருக்கிறார்கள். 'பெண்களுக்கு மட்டும், தினம் அரை மணி நேரம் போதும்' என்று போர்டு. ஜன்னலுக்கெல்லாம் ரோஸ் திரை. பேக்கரிக்குள் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஆறு முப்பத்தைந்துக்குப் புஷ்பம் இறங்கி வந்தாள். கூடவே ஒருத்தி. முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும், நீல முக்காடு, நல்ல கலகலவென்று இருந்தாள். பர்வீனாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே நான் பார்த்தது இதுதான்: புஷ்பம் பேசினாள். கையை ஆட்டி, தலையை ஆட்டி, நடுவில் அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டி, விடாமல் பேசினாள். இருபத்திரண்டு நிமிஷம். பர்வீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். ஓரிடத்தில் புஷ்பம் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. வியர்வையாக இருக்கும்.

புஷ்பத்துக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறதா? அது இத்தனை வருஷம் எங்கே இருந்தது?

நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஒரு ரொட்டி, நாலு தேங்காய் பன், ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிவிட்டேன். அவர் மேஜையைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்கும் காய்ச்சலா?" என்றார்.

ஜூலை 10, புதன்

தலைவலி. நடக்கவில்லை. ரஸ்க் நமத்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன், நானும் ஜிம்மில் சேரப்போகிறேன். முடிவை அவளிடம் சொல்லலாம் என்று போன் போட்டேன்.

"புஷ்பம், நானும் சேந்துறட்டுமா? ஒரு நாள் சும்மா வந்து பாக்கலாமாமே?"

"உனக்கு எதுக்கு ஜெயா? நீ நல்லாத்தான நடக்க."

"நீ மட்டும் போலாம், நான் வரக்கூடாதோ?"

"அப்படிச் சொல்லலட்டி. ஒனக்கு அந்தப் பாட்டுச் சத்தம்லாம் ஒத்துக்காது. பேசவே முடியாது பாத்துக்கோ."

பேசவே முடியாதாம். நான் பேக்கரியில் நின்று கண்ணால் பார்த்ததை எப்படிச் சொல்வது?

சேரலாம் என்பதற்குக் காரணங்கள்: சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆண்கள் யாரும் கிடையாது, கூச்சமில்லாமல் செய்யலாம். டாக்டர் போன வருஷமே வெறும் நடை போதாது என்றார். மைதானத்தில் இப்போது நாய்த் தொல்லை வேறு.

சேர வேண்டாம் என்பதற்குக் காரணம்: அவள் வேண்டாம் என்கிறாள்.

இரண்டாவதுதான் என்னைச் சேரச் சொல்கிறது.

ஜூலை 13, சனி

ஜிம்முக்கு என்ன போட்டுக்கொண்டு போவது? சேலையில் முடியாது. சுடிதாரின் மேல் அவருடைய ஆபீஸ் விளையாட்டு தினத்து டி-ஷர்ட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். முதுகில் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதியிருக்கிறது. அவர் கதவில் சாய்ந்து பார்த்தார்.

"பழுது பாக்க ஆள் வந்துட்டுன்னு நெனச்சேன்."

"சிரிங்க, நல்லா சிரிங்க. பத்து கிலோ குறைச்சிக் காட்டுதேன்."

"குறையும் குறையும். வயித்தெரிச்சல்லயே பாதி குறைஞ்சிரும்."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "தனபால் போன் பண்ணாரு. எமிமா விஷயமா ஏதோ கேள்விப்பட்டாராம், உண்மையான்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்னுட்டேன்."

தனபால் அண்ணன் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர், இப்போது பெங்களூரில் இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அவருக்குப் பக்கத்துத் தெரு. கல்யாணத்துக்கு முன்பும் ஒரு தரம் இப்படித்தான் என்னிடம் போனில் ஏதோ சொன்னார். கல்யாணம் என்றால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லத்தான் செய்வார்கள். வேலைக்கு நடுவில் அதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொள்வது?

இதை இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை. பேனாவில் எழுதிவிட்டேன், அழித்தால் அசிங்கமாக இருக்கும்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை போகிறேன். புஷ்பத்திடம் சொல்லவில்லை. நேரில் நிற்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 17, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் குழம்பிவிடும்.

ஆறு மணிக்கு மாடியேறினேன். காயத்ரி என்று ஒரு பயிற்சியாளர், என் பள்ளியில் பத்து வருஷத்துக்கு முன் படித்திருந்தாலும் படித்திருப்பாள், அந்த வயசு. ஒரு ஃபாரம் கொடுத்தாள். எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினாள். அது காட்டியதை இங்கே எழுதமாட்டேன். செருப்பை வெளியே விடச் சொல்லி, கவலையைக் கூடவே விடச் சொன்னாள். தினமும் எல்லாரிடமும் சொல்வாள் போல, சிரிக்காமல் சொன்னாள்.

புஷ்பம் அங்கே இல்லை.

உள்ளே மெஷின்களை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். காலால் தள்ளுவது, கையால் இழுப்பது, உட்கார்ந்து குனிவது, இப்படிப் பத்து. ஒவ்வொரு மெஷினுக்கும் நடுவில் ஒரு பலகை. அதில் நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாற்பது விநாடிக்கு ஒரு தரம் பாட்டை நிறுத்தி ஒரு பெண் குரல் 'மாறுங்கள்' என்கிறது. உடனே எல்லாரும் எழுந்து வலது பக்கம் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நமக்கு முன்னால் இருப்பவள் எழுந்த சூட்டோடு நாம் போய் உட்கார வேண்டும். எத்தனை சுற்று சுற்றினாலும் அவளைத் தாண்ட முடியாது. அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

எனக்குக் கிடைத்த முதுகு பர்வீனுடையது.

என்னைப் பார்த்ததும் திரும்பி, "புதுசாக்கா? மொத நாளு மூச்சு வாங்கத்தான் செய்யும், மெதுவா தள்ளுங்க. பேரு என்ன?" என்றாள்.

"மேரி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் முதலில் அதுதான் வந்தது.

"நம்ம செட்டுல ஒரு அக்கா உண்டு, புஷ்பம் அக்கான்னு. அவங்க இன்னிக்கு இல்ல, அதான் எல்லாம் டல்லடிக்கி. அவங்க வந்தா வாய் ஓயாது. அந்தப் பாட்டுக்கு மேல கத்திக் கத்திப் பேசுவாங்க!"

'மாறுங்கள்' என்றது குரல். பர்வீன் நகர்ந்தாள். நான் அவள் இடத்துக்கு நகர்ந்தேன்.

பர்வீனுக்கு முன்னால் பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். பாட்டுச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும், அதனால் எனக்கும் கேட்டது.

"புஷ்பம் ஏன் வரல?"

"இன்னிக்கு வக்கீலப் பாக்கப் போயிருக்காங்க. அடுத்த வாரம் கேஸ் போடுதாங்களாம்."

"பிள்ளைக்குத் தோள் தேவலையா?"

"இப்பந்தான் கையத் தூக்குதாளாம். சோறு சாப்பிட ஒரு மாசம் ஆயிருக்கு பாத்துக்கோங்க. கட்டிலோட சேத்துத் தள்ளிருக்கான் பாவி."

'மாறுங்கள்'.

நான் பலகையில் நின்று ஓடினேன். ஓடினேன் என்றால், கால் தன்னால் ஏறி இறங்கியது. முழுக்கைச் சுடிதார். இடது கையில் பாட்டுப் புத்தகம். நான் அதை ஃபேஷன் என்று எழுதியிருக்கிறேன், இதே டைரியில், பத்து நாளைக்கு முன்னால்.

"அந்த எடத்த கொண்டுவந்தது அவங்க ஃப்ரெண்டாம்லா?" பேங்க் அம்மாதான் கேட்டாள்.

"ஆமா. பதினோரு வருசமா கூட நடக்கவங்களாம். நான்கூட கேட்டேன், அந்தம்மாட்ட நறுக்குன்னு நாலு கேள்வி கேக்க வேண்டியதுதானக்கான்னு."

'மாறுங்கள்'.

அந்த ஒரு தரம் நான் நகர மறந்து நின்றுவிட்டேன். பின்னால் வந்தவள் என் மேல் இடித்தாள். காயத்ரி கைதட்டி, "மேரி ஆன்ட்டி, மூவ், மூவ்!" என்றாள். நான் போய் உட்கார்ந்தேன்.

"...அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? அவ தெரிஞ்சு செய்யலட்டி, அவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா மொதல்ல என்கிட்டதான் ஓடி வந்திருப்பா. இப்பம் இதச் சொன்னா அவ தாங்க மாட்டா, அதனாலதான் அவட்ட சொல்லவே இல்லங்காங்க. எங்க கிடைக்கும் இப்படி ஒரு மனசு!"

'மாறுங்கள்'.

இரண்டாவது சுற்று முடியும் முன்பே இறங்கிவிட்டேன். தலை சுற்றுகிறது என்றேன். பர்வீன்தான் ஓடி வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தாள். "மொத நாள் அப்படித்தாங்க்கா. நாளைக்கு வாங்க, நான் கூட நிக்கேன்" என்றாள். நல்ல பிள்ளை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

பள்ளிக்கு லீவு சொன்னேன். அவரிடம் தொடை வலி என்றேன். தொடையும் வலிக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

ஃபாரம் ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மேல் எனக்கே அருவருப்பாக இருப்பது எதனால் என்றால், புதன்கிழமை வீட்டுக்கு வரும்போது எனக்கு முதலில் எமிமாவின் தோள் நினைவுக்கு வரவில்லை. வக்கீலைப் பார்க்கப் போகிற தேதிகூட பர்வீனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பதுதான் முதலில் வந்தது. அந்தப் பேங்க் அம்மாவுக்குக்கூடத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். பொறாமை, வேறென்ன பெயர் சொல்வது?

சரி, அடுத்ததையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தனபால் அண்ணன் சொன்னது 'ஏதோ' இல்லை. எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "ஏம்மா, நல்லா விசாரிச்சிங்களா? இந்தப் பையனுக்கு முன்னால ஒரு எடம் நிச்சயம் வரைக்கும் போயி நின்னுட்டு. கோவம் வந்தா கைய நீட்டிருவான்னு இங்க பேசிக்கிடுதாங்க." நான், "அதெல்லாம் ஆகாதவங்க கட்டிவிடுத கத அண்ணே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். புஷ்பத்திடம் சொல்லவில்லை. எட்டிப்போனால் எட்டு வீடு தள்ளி அவள் வீடு. அன்று சாயங்காலம்கூட அங்கே உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் தடவலாமா கூடாதா என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஏன் சொல்லவில்லை? அதே சமயம் சுகிர்தாவும் எமிமாவுக்கு ஓர் இடம் கொண்டுவந்திருந்தாள். தூத்துக்குடிப் பையன், வாத்தியார் வேலை. என் இடம் நின்றுபோனால் அவள் இடம் முடிவாகிவிடும். பிறகு காலத்துக்கும் புஷ்பத்தின் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சுகிர்தா முன்னால் நிற்பாள், நான் பின்னால் நிற்க வேண்டும். அதற்காக.

சுகிர்தாவின் மகள் திரும்பி வந்தபோது நான் ஏன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசினேன் என்று இப்போது தெரிகிறது. அதைப் பக்கத்தில் நடந்துகொண்டே புஷ்பம் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மகளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முட்டி வலியே கிடையாது.

ஜூலை 20, சனி

காலையில் ஃபாரத்தை எடுத்துப் பெயர், வயது எல்லாம் எழுதினேன். 'எந்த நேரத்துக்கு வருவீர்கள்' என்ற இடத்தில் ஆறு மணி என்று எழுதினேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். நான் அந்த வட்டத்துக்குள் போய் நின்றால் என்ன ஆகும்? புஷ்பம் என்னைப் பார்ப்பாள். வாயை மூடிக்கொள்வாள். திரும்பவும் 'ம்' தான். பர்வீன், 'என்னக்கா இன்னிக்கு சத்தமே இல்ல' என்பாள்.

மத்தியானம் புஷ்பத்துக்கு போன் போட்டேன். நாளை ஞாயிறு, ஜிம் லீவு. "ஒரு நாள் நடக்க வாறியா?" என்றேன். வருகிறேன் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நெத்திலிக் கருவாடு நல்லதாக வந்திருக்கிறது, வாங்கிவைக்கவா என்று வேறு கேட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

ஐந்தரைக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

முதல் சுற்று நான் பேசவில்லை. பேசாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. புதிதாக வர்ணம் அடித்த கேலரியைப் பார்த்தேன், அதைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. எங்கள் தலைமையாசிரியை நாயோடு நடந்து போனார், அதற்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் புஷ்பம், "என்னட்டி, தொண்ட கட்டிட்டா?" என்றாள்.

"இல்ல. நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எதையாது சொல்லு. நான் கேக்கேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மூன்றாவது சுற்று தொடங்கும் இடத்தில், "எமிமா..." என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது, அவள் பிள்ளையுடையது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். நான்தான் இன்று 'ம்' சொன்னேன்.

சொல்லி முடித்துவிட்டு, "ஒனக்கு இது தெரிஞ்சா மனசு ஒடஞ்சி போயிருவன்னுதான் சொல்லல ஜெயா. நீ நல்லதுன்னு நெனச்சித்தான செஞ்ச" என்றாள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டி, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். காலமெல்லாம் அவளுக்கு நல்ல சிநேகிதியாக இருந்திருக்கலாம். அந்த ஆசையும் வந்தது.

"புஷ்பம், தனபால் அண்ணன் கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு போன் பண்ணிச் சொன்னாரு. பையன் கை நீட்டுவான்னு. நான் ஒன்ட்ட சொல்லல."

நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள், வேகமாக. என்னால் கூடப் போக முடியவில்லை. அந்தச் சிமென்ட் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். மைதானத்தின் அந்தக் கோடிக்கு அவள் போவது தெரிந்தது. அங்கே இன்னொரு வாசல் இருக்கிறது. அதன் வழியாக வெளியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சுற்றி வந்து என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஏன்ட்டி சொல்லல?"

"சுகிர்தா கொண்டுவந்த எடம் முடிஞ்சிரக் கூடாதுன்னு."

"இதுக்கா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "இதுக்காட்டி?" என்றாள்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம். வெயில் கேலரிக்கு வந்து, பிறகு எங்கள் காலுக்கு வந்தது. சர்ச்சில் முதல் மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஜிம்முல சேரப்போறியா?" என்றாள்.

"நீ சொல்லு."

"சேராத ஜெயா. அந்த அரை மணி நேரம் எனக்கு வேணும்."

"சரி."

குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினாள். "ஞாயித்துக்கெழம அங்க லீவு" என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் எழுந்தபோது நான் ஒன்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கவே கூடாது. அந்த நேரத்தில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, கேட்கிற கேள்வியா அது?

"இத பர்வீன்ட்ட சொல்லுவியா?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். முன்னால் நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன். திங்கள் முதல் சனி வரை அவள் பர்வீனோடு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு நான் வாசலில் நிற்பேன். அவள் வந்தாலும் நிற்பேன், வராவிட்டாலும் நிற்பேன்.

வழியெல்லாம் அழுதுகொண்டேதான் வந்தேன். ஆனால் 'சொல்ல மாட்டேன்' என்று அவள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பர்வீனுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் புஷ்பத்துக்கும் நடுவில் இப்போது இருக்கிறது. அது என் குற்றம்தான். அதைத் தவிர வேறொன்றும் என்னிடம் மிச்சம் இல்லை. இருந்தாலும் சந்தோஷம் வந்தது, எழுதிவிட்டேன்.